மேலுமலை ஏற்றத்தில் கால் ஏன் நின்றது?

கேள்வியை முதலில் என் சொற்களில் சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் பெங்களூரு அல்சூர்க்காரர், வயது 36, எடை 72 கிலோ. மாதம் இரண்டு முறை நந்தி மலைக்குச் சைக்கிளில் போய்வருகிறார், தொல்லை எதுவும் இல்லை. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான்கு நண்பர்களோடு கிருஷ்ணகிரி அணைக்குப் போயிருக்கிறார். "போகும்போது பறந்தோம், சராசரி 29" என்கிறார். திரும்பும்போது கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில் உள்ள மேலுமலை ஏற்றத்தில் கால் நின்றுவிட்டது, கண் இருட்டியது, மினி லாரியில் சைக்கிளை ஏற்றி ஓசூர் வந்து சேர்ந்திருக்கிறார். அன்று வயிற்றுக்குள் போனவை: வீட்டில் நான்கு இட்லி, வழியில் இரண்டு ஏலக்கி வாழைப்பழம், அணைக்கரையில் மீன் வறுவலோடு முழுச் சாப்பாடு, நாள் முழுக்க ஆறு லிட்டர் தண்ணீர். பயிற்சி போதவில்லையா, சாப்பாடு போதவில்லையா என்று கேட்கிறார்.

பயிற்சி போதும். நந்தி ஏறுகிற கால் மேலுமலையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சாப்பாடு போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தால் மேலுமலையில் நின்ற கால் ஓசூரில் நின்றிருக்கும், அவ்வளவுதான். காரணம் "பறந்தோம்" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சாப்பாடு வரவு, வேகம் செலவு. வரவுக்கு உடம்பு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. செலவுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை, கையிருப்பு தீரும் வரை கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கையிருப்பு எவ்வளவு என்று பார்ப்போம். நாம் உண்ணும் மாவுச்சத்து கிளைகோஜன் என்ற வடிவில் இரண்டு இடங்களில் சேர்கிறது. தசைகளில் 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 80 முதல் 100 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்றால் மொத்தம் 2,000 கலோரிக்குச் சற்று முன்பின். கொழுப்பு ஒல்லியான ஆளிடம்கூடப் பல பத்தாயிரம் கலோரி அளவுக்கு இருக்கிறது. ஆனால் அது வங்கியில் போட்ட வைப்பு நிதி, வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும். மெல்ல மிதிக்கும்போது அந்த வரிசை நமக்குப் போதும். வேகம் ஏற ஏற உடம்பு பொறுமையிழந்து சட்டைப் பையில் இருக்கும் கிளைகோஜனில் கை வைக்கிறது.

இதை 1966-இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடம்பிலேயே சோதித்துக் காட்டினார்கள். நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஒரு சைக்கிளின் இரண்டு பக்கமும் இருவரும் இருந்துகொண்டு, ஆளுக்கொரு காலால் மட்டும் களைத்து விழும்வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் இரண்டு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் வற்றிக் கிடந்தது, சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் மாவுச்சத்து நிறையச் சாப்பிட்டபோது மிதித்த கால் மட்டும் முன்பைவிட அதிகமாகச் சேர்த்துக்கொண்டது. இந்தப் பரிசோதனை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஒன்று, ஒரு தசையின் இருப்பை இன்னொரு தசைக்கு மாற்ற வழியில்லை. தோளில் எவ்வளவு இருந்தாலும் தொடைக்கு ஆகாது. இன்னொன்று, பயிற்சிக்குப் பின் உண்ணும் சோறு அடுத்த பயணத்துக்கான சேமிப்பு.

கண் இருட்டியதற்குக் கல்லீரல் பொறுப்பு. இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது அது. அதன் இருப்பும் தீர்ந்தால் மூளைக்குப் பட்டினி. அப்போதுதான் வெயிலில் குளிர் வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், நான் ஏன் சைக்கிள் ஓட்டுகிறேன் என்ற தத்துவ விசாரம் எல்லாம் வருகின்றன. இதற்கு நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பசிமயக்கம். வெறும் கால்வலி இப்படி வராது. கால்வலி மெல்ல மெல்லக் கூடும்; பசிமயக்கம் விளக்கை அணைத்ததுபோல் வரும்.

இப்போது உங்கள் அன்றைய கணக்கு. மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உங்கள் கதையோடு இது பொருந்துவதைப் பாருங்கள். 29 கிலோமீட்டர் வேகத்தில், குழுவின் முன்னால் நின்று காற்றைக் கிழிக்கும் உங்கள் முறையும் சேர்த்து, நீங்கள் சராசரியாக 180 வாட் கொடுத்திருப்பீர்கள். அது மணிக்கு ஏறத்தாழ 650 கலோரி. அந்த உழைப்பில் பத்தில் ஏழு பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று வைத்தால் மணிக்கு 110 கிராமுக்கு மேல். அணை வரை 97 கிலோமீட்டர், மூன்று மணி இருபது நிமிடம். செலவு 370, 380 கிராம். வரவு? நான்கு இட்லியில் 45 கிராம், இரண்டு ஏலக்கியில் 25 கிராம், ஆக 70. அணையில் இறங்கியபோதே 300 கிராம் போய்விட்டது. மிச்சம் 150, 200. திரும்புகையில் ஏற்றமும் எதிர்காற்றும் சேர்ந்து அதே வீதத்தில் உறிஞ்சினால் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் வரும். அணையிலிருந்து மேலுமலைக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் அதை ஒட்டியே இருந்திருக்கும்.

அதே ஆள், அதே சாலை, 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துப் பாருங்கள். சமதளத்தில் பெரும்பாலான உழைப்பு காற்றோடுதான். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். எனவே 29-ஐ 25 ஆக்கினால் 180 வாட் 125 அளவுக்கு இறங்கிவிடும். மணிக்கு 450 கலோரி, அதில் மாவுச்சத்தின் பங்கு பாதிக்குப் பக்கம், அதாவது 56 கிராம். மணிக்கு 50 கிராம் சாப்பிட்டுக்கொண்டே போனால் கையிருப்பை அநேகமாகத் தொடவே தேவையில்லை. அணைக்கு எவ்வளவு தாமதமாகப் போயிருப்பீர்கள் தெரியுமா? 33 நிமிடம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் மினி லாரி வாடகை.

"அப்படியென்றால் பறந்துகொண்டே மணிக்கு 110 கிராம் சாப்பிட்டால் போயிற்று" என்று தோன்றும். உச்சவரம்பு என்று சொன்னது இங்கேதான். குடல் சுவரில் குளுக்கோஸ் நுழைய ஒரு வாசல் இருக்கிறது. அதன் வழியாக மணிக்கு 60 கிராமுக்கு மேல் உள்ளே போவது கடினம். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல். இரண்டையும் கலந்து உண்டு பழகியவர்களால் 90 கிராம் வரை போகமுடிகிறது. பழகாதவர் அவ்வளவு தின்றால் அது வயிற்றிலேயே தங்கிக் குமட்டும், அல்லது வழியில் புதர் தேடவைக்கும். எனவே நம்மைப்போன்றவர்கள் முதலில் 30 கிராமில் தொடங்கி, சில வாரங்களில் 50, 60-க்கு வருவதே நடக்கிற காரியம். குடலும் பழக்கத்துக்கு வரும், கால் வருவதுபோலவே.

அடுத்து அந்தச் சாலையின் சூழ்ச்சி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. ஓசூர் தாண்டியதும் சாலை உங்களை ஏந்திக்கொண்டு கீழே இறக்குகிறது. ஆறு வழிச்சாலை, வழுவழுப்பான தார், காலைக் குளிர். யாருக்கும் தன்னைப் பற்றி உயர்வாகத் தோன்றும். போதாக்குறைக்கு ஆடி மாதம். அம்மியை நகர்த்துகிற காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. தென்கிழக்கே போகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது இறக்கமெல்லாம் ஏற்றம், தள்ளிய கை நெஞ்சில். ஆக, போகும்போது கிடைத்த சராசரி உங்களுடையது அல்ல, சாலையும் காற்றும் கடன் கொடுத்தது.

உபதேசம் செய்கிறேனே தவிர, எனக்கும் இதே சாலையில் இதே கதை நடந்திருக்கிறது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், சூளகிரிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால். சட்டைப் பையில் பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் இருந்தது. ஓட்டிக்கொண்டே பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு பிரிக்கலாம் என்று விட்டேன். அந்தப் "பிறகு" வந்தபோது ஒரு சிறுபாலத்தின் கட்டைமேல் உட்கார்ந்திருந்தேன், பொட்டலத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தேடிக்கொண்டிருந்தேன். கண் பார்க்கிறது, விரல் பிடிக்கவில்லை. எதிரே தட்டி மறைப்புக்குள் டீக்கடை வைத்திருந்த அம்மா சாலையைக் கடந்து வந்து, என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்தார். "தம்பி, தின்னு. பேசாதே" என்றார். பிறகு ஒரு தம்ளர் டீ, அடியில் கரையாமல் சர்க்கரை படிந்து கிடந்தது. இருபது நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிலிருந்து என் பையில் பிரிக்காத எதுவும் போவதில்லை.

வேகத்தை எப்படி அடக்குவது? நாடித்துடிப்புப் பட்டை, வாட் காட்டும் கருவி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. என் வழி வாய்ப்பாடு. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதிப்பேன். ஒரு வரிக்கு ஒரு மூச்சு தாராளமாகப் போதுமென்றால் வேகம் சரி. வரியின் நடுவில் மூச்சு வாங்கினால் அதிகம். நான்காவது மணி நேரத்துக்குப் பிறகு இதற்கு இன்னொரு பயனும் வந்துவிடுகிறது: மூச்சு சீராக இருந்தும் பதின்மூன்றேழு எவ்வளவு என்று தடுமாறினால், இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, உடனே எதையாவது வாயில் போட வேண்டும். பக்கத்தில் வருபவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

முதல் இரண்டு மணி நேரம் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். இரவெல்லாம் ஓய்ந்த கால் பொய் சொல்லும் நேரம் அது. ஓசூர்ச் சாலையில் மேம்பாலங்கள் ஏராளம். ஒவ்வொன்றிலும் எழுந்து நின்று மிதித்து வேகம் குறையாமல் ஏறுவது பலருக்கு ஒரு பெருமை. அப்படி எழும் ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடங்களுக்கு உழைப்பு இரண்டு மூன்று மடங்காகிறது, அது முழுக்க முழுக்கக் கிளைகோஜன் காசு. கியரை இறக்குங்கள், உட்கார்ந்தே மிதியுங்கள், வேகம் பதினைந்துக்கு விழுந்தால் விழட்டும். குழுவில் போனால் முன்னே போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு உழைப்பு கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கும் முறை வரும்போது வேகத்தைக் கூட்டிக் காட்டாதீர்கள். குழுவின் வேகம் உங்கள் வாய்ப்பாட்டை உடைக்கிறதென்றால் விட்டுவிடுங்கள். அவர்களை மதியம் நிழலில் பார்ப்பீர்கள்.

நந்தியில் ஏன் இது தெரியவில்லை என்று கேட்பீர்கள். அல்சூரிலிருந்து நந்தி அடிவாரம் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி, அதற்குப் பிறகு ஏழெட்டு கிலோமீட்டர் ஏற்றம், உச்சி 1,478 மீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் கடினமான பகுதி முடிந்துவிடுகிறது, கையிருப்பே போதும். இறங்கி வந்து தேவனஹள்ளியில் செட் தோசையும் கேசரி பாத்தும் முடித்துவிட்டுத்தான் மீதியை ஓட்டுகிறீர்கள். அந்தக் கேசரி பாத்துக்கு நீங்கள் ஒருமுறை நன்றி சொல்ல வேண்டும்.

இனி சாப்பாடு. முதல் விதி, பசியை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். புறப்பட்ட அரை மணி நேரத்தில் முதல் வாய். அதன்பின் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 15 முதல் 20 கிராம் மாவுச்சத்து. மொத்தமாக ஒரு மணிக்கு ஒருமுறை திணிப்பதைவிடக் கொறிப்பது குடலுக்கு எளிது. கைபேசியில் மணி அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, நன்றாக இருக்கும்போது யாருக்கும் சாப்பிடத் தோன்றாது.

கடைகளில் விற்கும், சர்க்கரைக் கூழ் அடைத்த ஜெல் பொட்டலங்கள் வேலை செய்கின்றன, விலைதான் உறுத்துகிறது. போட்டிக்குப் போகிறவர்கள் வாங்கட்டும். நம் சமையலறையில் இதற்கென்றே செய்தது போன்ற பொருட்கள் கிடக்கின்றன. எனக்கு முதல் இடம் பானகம். ராம நவமிக்குக் கொடுப்பார்களே, அதேதான். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ். அது உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ், குடலின் இரண்டு வாசலுக்கும் ஆள் அனுப்பியாயிற்று. 750 மில்லி பாட்டிலுக்கு 60 கிராம் வெல்லம், அரை எலுமிச்சை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சுக்கு. வடிகட்டுவது முக்கியம், வெல்லத்து மண் பாட்டில் மூடியின் வால்வை அடைத்துவிடும். ஏறத்தாழ 50 கிராம் சர்க்கரை அதில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கான சரக்கு. ஒரு குறை: வெயிலில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் நுரைத்துப் புளிக்கும். அதனால் காலைக்கு மட்டும் கரைத்து எடுத்துப்போகிறேன்; பிற்பகலுக்குப் பொடித்த வெல்லத்தைத் தனியாகப் பொட்டலம் கட்டி, வழியில் தண்ணீர் வாங்கிக் கலக்கிறேன்.

அடுத்தது கமர்கட்டு. சிரிக்காதீர்கள். கன்னத்தில் அதக்கிக்கொண்டால் ஏற்றம் முழுவதும் கரைந்துகொண்டே இருக்கும், மெல்ல வேண்டியதில்லை, மூச்சு கெடாது. சிவாஜிநகர்ப் பக்கம் இன்னும் கிடைக்கிறது. பேரீச்சை ஒன்றில் 5, 6 கிராம் சர்க்கரை. முதல் நாள் இரவே கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு உப்புக்கல் வைத்து அழுத்தி வைப்பேன். வாழைப்பழம் அருமைதான், ஆனால் சட்டையின் முதுகுப் பையில் மூன்று மணி நேரம் கிடந்த பழத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் சங்கடம் புரியும். அதை வழியில் வாங்கித் தின்பதே உத்தமம்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் இனிப்பு திகட்டும். நாக்கு மறுக்கிற நேரம் பார்த்துத்தான் பலர் சாப்பிடுவதை நிறுத்துகிறார்கள். அதற்குப் புளிச்சோறு. சற்றுக் குழைய வடித்த சோற்றில் புளிக்காய்ச்சலைக் கலந்து, எண்ணெயைப் பாதியாகக் குறைத்து, கடலைப்பருப்பும் மிளகாய்க் காம்பும் இல்லாமல், எலுமிச்சை அளவு உருண்டைகளாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வெண்ணெய்த்தாளில் மிட்டாய்போல் முறுக்கி வைத்தால் ஒரு கையால் பல்லில் பிடித்து இழுத்துப் பிரித்துவிடலாம். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் அரிசியைத் தட்டி வெட்டித் தாளில் சுற்றிக் கொண்டுபோவதைப் பார்த்தபோது, கோயில் பிரசாதச் சோற்றை ஏன் பட்டையாக அழுத்தித் தருகிறார்கள் என்று புரிந்ததுபோல் இருந்தது எனக்கு. புளிச்சோறு அரை நாள் கெடாது என்பது கூடுதல் வசதி.

கடலை மிட்டாயைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் எடுத்துப்போகிறார்கள். வெல்லம் நல்லது, வேர்க்கடலையின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மெதுவாகப் போகும் நீண்ட நாளில் ஒன்றிரண்டு சரி. ஏற்றத்துக்கு முன் வேண்டாம். அதே காரணத்தால்தான் அணைக்கரை மீன் வறுவலும் முழுச் சாப்பாடும் உங்களைக் காப்பாற்றவில்லை. இலையில் சோறு, குழம்பு, பொரித்த மீன், அப்பளம், ஒரு மணி வெயில்; சாப்பிட்ட மாவுச்சத்து இன்னும் இரைப்பையில் வரிசையில் நிற்க, நீங்கள் ஏற்றத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குடலுக்கும் காலுக்கும் ஒரே இரத்தம்தான். அங்கே தயிர்ச்சோறு அரை வயிறு, ஊறுகாய், பத்து நிமிட நிழல் போதும். மீனைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்து வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

காலை உணவில் உங்கள் தேர்வு நன்றே. இரவுத் தூக்கத்தில் தசையின் இருப்பு அப்படியே இருக்கும், கல்லீரலின் இருப்பு கணிசமாகக் குறைந்திருக்கும். காலை இட்லி அதை நிரப்பத்தான். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சாப்பிட முடிந்தால் நல்லது, ஆனால் ஐந்து மணிக்குப் புறப்பட மூன்று மணிக்கு யார் இட்லி அவிப்பது? அதற்கு ஈடாக முதல் நாள் இரவை கவனியுங்கள். சோறு, ரசம், ஒரு கூட்டு, வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம். காலையில் இரண்டு ரொட்டித் துண்டில் ஜாமோ ஒரு பெரிய வாழைப்பழமோ போதும். நெய்ப் பொங்கலும் உளுந்து வடையும் திரும்பி வந்தபின். ஃபில்டர் காபி தாராளமாகக் குடியுங்கள். காஃபீன் களைப்பை உணர்வதைக் குறைக்கிறது, சிலருக்குக் கடைசி ஐம்பது கிலோமீட்டரில் ஒரு காபி உயிர் கொடுக்கிறது. அது காலிப் பையில் காசு போடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆறு லிட்டர் தண்ணீர் என்றீர்களே, அதில் எனக்குக் கவலை இருக்கிறது. அளவு தவறல்ல, வெறும் தண்ணீர் என்பதுதான் தவறு. வியர்வையில் லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம், சிலருக்கு அதற்கும் மேல், சோடியம் போகிறது. கறுப்புச் சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறவர் என்றால் நீங்கள் மேல் பக்கம். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் உயிருக்கே ஆபத்து. கால் தேக்கரண்டி உப்பில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, பாட்டிலுக்கு அது சரியான அளவு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கொஞ்சம். உப்பு போட்ட மோர் அந்த வகையில் மேல். ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பு சரியாக இருக்கிறது, ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதைக் குடித்தால் சக்தி வந்துவிட்டது என்று எண்ணிச் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். எவ்வளவு குடிப்பது என்பதற்குப் பொதுவான விடை மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். உங்களுக்கான விடை வீட்டு எடை பார்க்கும் கருவியில் இருக்கிறது: புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் ஏறி நில்லுங்கள். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

எல்லாம் செய்தும் பசிமயக்கம் வந்தால் முதலில் சாலையை விட்டு இறங்குங்கள். சர்க்கரை, 30 முதல் 40 கிராம், எந்த வடிவிலும்: கரும்புச்சாறு, சர்க்கரை கூடுதலாகப் போட்ட டீ, குளுக்கோஸ் பொடி. பதினைந்து இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். எழுந்ததும் புதிதாய்ப் பிறந்ததுபோல் இருக்கும், அதை நம்பி மிதித்தால் அரை மணியில் மறுபடி விழுவீர்கள். வாய்ப்பாட்டு வேகத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு வாயாக வீடு வந்து சேருங்கள். இன்சுலினோ சர்க்கரைக் குறைப்பு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்தப் பதிலில் உள்ள கிராம் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து தனிக்கணக்குப் போட வேண்டும்.

அடுத்த முறை கிருஷ்ணகிரிக்கு ஆடி முடிந்து, காற்று அடங்கிய பின் போங்கள். வேகத்தைப் பற்றி மனம் அரித்தால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: நெடுந்தொலைவு ஓட்டுகிறவர்களின் பிரெவே பயணங்களில் 200 கிலோமீட்டருக்குத் தரும் நேரம் பதின்மூன்றரை மணி. நிற்பது, உண்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வராது. ஐந்து மணிக்கு அல்சூர் ஏரியை விட்டால் அத்திப்பள்ளி வரை பேச்சுத்துணை வேகம், ஓசூரில் ஐந்து நிமிடம், இறக்கத்தில் மிதிக்காமல் உருள முடிகிற இடத்தில் உருளுங்கள். அந்த நேரத்தில்தான் கை சும்மா இருக்கும், சாப்பிட ஏற்ற வேளை அது. அணைக்குப் போகும்போது "நான் இன்னும் வேகமாக வந்திருக்கலாம்" என்ற வருத்தம் இருக்க வேண்டும். அந்த வருத்தத்தோடு மேலுமலைக்கு வாருங்கள்.

ஒரு பங்கை மட்டும் எடுத்து வையுங்கள். திரும்பும் வழியில் அத்திப்பள்ளியில் நிறுத்தி, கடைசி இரண்டு பேரீச்சையும் ஒரு கமர்கட்டும். அதற்குப் பிறகு ஏற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை, காலுக்கு அது தேவைப்படாது. ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு என்று மாலை நெரிசலில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கிறது. பஸ் எந்தப் பக்கம் ஒதுங்கும், முன்னால் நிற்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்று பார்க்க வேண்டியது கண்ணும் மூளையும். கல்லீரல் அவற்றுக்கு அனுப்பும் சர்க்கரையில் அந்த நேரத்தில் துண்டு விழக் கூடாது.